ஒரு கேள்விக்குறியும் 2,58,300 ரூபாயும்

தினசரி காலண்டரில் நவம்பர் 9-ஆம் தேதித் தாளில் "தேசிய சட்டப் பணிகள் தினம்" என்று ஒரு வரி வரும். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினாறு வருடமாக டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அடித்து அமைக்கும் வேலை பார்க்கிறேன். அந்த வரியை எத்தனை முறை அடித்திருப்பேன், எத்தனை முறை புரூஃப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ராகுகாலம் சரியா, அமாவாசை எந்த நாழிகை வரை, முகூர்த்த நாள் விட்டுப்போயிற்றா, இதில்தான் கண் இருக்கும். அந்த வரி என்ன சொல்கிறது என்று நின்று யோசித்ததில்லை. 1987-இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995-இல் அந்தத் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது என்று இப்போது தெரியும். தெரியவந்த கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். ஆஸ்பத்திரி பில்லோடு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் படித்தால் போதும்.

2024 ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அக்டோபர் 10. எங்கள் வீட்டுக்காரர் திருத்தங்கலில் வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் ஒரு கட்டிங் மிஷின் போட்டு, பிரஸ்களிடம் வேலை வாங்கிச் செய்கிறவர். காலண்டர் அட்டை, நோட்டு அட்டை, சீசனுக்கு என்ன வருகிறதோ அது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அன்றைக்கு மிஷினைத் துடைத்து, பிளேடுக்கு எண்ணெய் போட்டு, சந்தனம் வைக்கக் கிண்ணத்தை எடுத்து வா என்றார். எடுத்து வந்தபோது தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவருக்கு வயது 46.

கொழுந்தன் கார் எடுத்து வந்தான். உள்ளூரில் ஈசிஜி எடுத்துவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அத்தை பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இரவு பத்தேகாலுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைப்பு எடுத்து, ரத்தக்குழாய் மறுபடி மூடாமல் இருக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். அதற்கு அந்த டாக்டர்களுக்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்களிடம் இன்சூரன்ஸ் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் வருமானமும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அவர் சொந்த வேலை செய்கிறவர் என்பதால் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீடும் கிடையாது. கொரோனா நேரத்தில் தெருவில் நடந்ததையெல்லாம் பார்த்துப் பயந்துபோய், 2021 ஜனவரியில் குடும்பத்துக்கு 3 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்தோம். ஒரு வருடம் கூட பிரீமியம் தவறவில்லை. மகளுடைய ஸ்கூல் ஃபீஸைத் தள்ளிப்போட்டுக்கூட அதைக் கட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பில்லிங் கவுண்டரில் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, மறுக்கப்பட்டது என்றார்கள். காரணம் கேட்டதற்கு, கம்பெனியிலிருந்து அப்படித்தான் வந்திருக்கிறது, நீங்கள் பணம் கட்டிவிட்டுப் பிறகு கிளைம் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில். 14-ஆம் தேதி டிஸ்சார்ஜ். பில் 2,91,640.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பது மனப்பாடம். கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் 1,10,000. சீசனுக்கு அட்டை வாங்க எடுத்து வைத்திருந்த மகளிர் குழுக் கடன் 60,000. கையிருப்பு 52,000. கொழுந்தன் கொடுத்தது 40,000. பிரஸ் அண்ணாச்சியிடம் சம்பள அட்வான்ஸ் 30,000. கட்டி முடித்தபோது கையில் 360 ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வந்த பிறகு அவரால் மூன்று மாதம் பாரம் தூக்க முடியாது. சீசன் போயிற்று. ஒரு வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பாதி எங்களுக்கு சீசனின் நாலு மாதத்தில்தான் வரும்.

கிளைம் போட்டோம். டிசம்பர் 9-ஆம் தேதி ஒரு பக்கக் கடிதம் வந்தது. நோயாளிக்கு ஐந்து ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது, பாலிசி எடுக்கும்போது அதை மறைத்துவிட்டீர்கள், ஆகவே கிளைம் நிராகரிக்கப்படுகிறது, இவ்வளவுதான் சாரம். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'மறைத்துவிட்டீர்கள்'. அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கட்டிங் மிஷினை விற்றுவிடலாம் என்றார். ஆளும் பார்த்துவிட்டார். 1,75,000-க்குப் பேச்சு முடிந்து 10,000 அட்வான்ஸும் வாங்கியாயிற்று. தை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இந்த நேரத்தில்தான் ஒரு வழக்கறிஞர் சங்கத்தின் காலண்டர் கடைசி நேர ஆர்டராக எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தது. டிசம்பர் கடைசி வாரம். புரூஃபில் எந்த போன் நம்பர் இருந்தாலும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவது என் பழக்கம். ஒரு எண் தப்பினால் ஐயாயிரம் காலண்டர் குப்பைக்குப் போகும், அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அந்தக் காலண்டரின் அடியில் "இலவச சட்ட உதவிக்கு 15100" என்று இருந்தது. அடித்தேன். தமிழில் ஒரு பெண் குரல், சொல்லுங்க என்றது. நம்பர் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆஸ்பத்திரி பில் விஷயத்துக்கெல்லாம் இங்கே கேட்கலாமா என்று கேட்டேன். கேட்டதுமே தொண்டை அடைத்துவிட்டது. பிரஸ்ஸில் மிஷின் சத்தம் வேறு. மாடிப்படியில் போய் உட்கார்ந்து பேசினேன். கேட்டு முடித்துவிட்டு, உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, இருக்கிற எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். 'எல்லாக் காகிதத்தையும்' என்று இரண்டு தடவை சொன்னார்.

போவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. இலவச வக்கீல் என்றால் ஜெயிலில் இருப்பவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். சொந்தமாக ஷெட் வைத்திருக்கிற நாம் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று. போனதும் இதைத்தான் முதலில் சொன்னேன், அங்கே இருந்த சட்டத் தன்னார்வலரிடம். அவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். சட்டத்தின் 12-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரிசை. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வருமானம் பார்ப்பார்கள். "நீங்க பொம்பள, அது போதும்மா. உங்க பேர்லயே மனு எழுதுங்க. வக்கீலுக்கு ஆணைக்குழு பணம் கொடுக்கும், நீங்க டீக்காசு கூட கொடுக்க வேண்டாம்" என்றார். பாலிசி என் பெயரில்தான் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் மனு, ஆதார் நகல், அவ்வளவுதான் கேட்டார்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு வக்கீலை நியமித்துத் தகவல் வந்தது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னப் பெண். முதல் நாள் நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே கேட்டார், "எதையாவது வித்துட்டீங்களாக்கா?" மிஷின் அட்வான்ஸைச் சொன்னேன். அந்த 10,000-ஐத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள் என்றார். தன்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் வீட்டையோ நிலத்தையோ கொடுத்துவிட்டு அதற்கு அப்புறம்தான் வருகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். நாங்களும் அப்படித்தானே. முதலில் அடகுக் கடை வாசல், பிறகு சொந்தக்காரர் வாசல், கடைசியாக இங்கே. அந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தால் என் நகையாவது வீட்டில் இருந்திருக்கும்.

காகிதங்களை மேஜையில் பரப்பினோம். பாலிசிப் புத்தகத்தை நாலு வருடத்தில் நான் ஒருமுறை கூடத் திறந்ததில்லை. வக்கீல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, 'முன்பே இருந்த நோய்' என்பதற்கு என்ன விளக்கம் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். பாலிசி எடுப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு வைத்தியம் சொல்லியிருக்க வேண்டும். நமக்கே தெரியாமல் உடம்புக்குள் இருந்த ஒன்று அதில் சேராது. "உங்க வீட்டுக்காரருக்கு பிபி இருக்குன்னு முதல்ல எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியும். எப்போதிலிருந்து? வீட்டுக்கு வந்து பழைய மாதக் காலண்டர்களை எடுத்தேன். எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பஞ்சமா, ஒன்றையும் தூக்கிப் போடுவதும் இல்லை. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி எல்லாம் அதில்தான் எழுதுவேன். 2022 ஜூலை 14-ஆம் தேதிக் கட்டத்தில் 'பிபி மாத்திரை' என்று என் கையெழுத்து. உடனே எல்லாம் நினைவுக்கு வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அக்கா எங்கள் தெருவுக்கு வந்து வாசலில் வைத்து எல்லோருக்கும் பிபி பார்த்தார். இவருக்கு அதிகமாகக் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கே மாத்திரை எழுதி, ஒரு சின்ன நோட்டும் கொடுத்தார்கள். அந்த நோட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது. முதல் பக்கத்தில் அதே தேதி, அம்லோடிபின் 5 மில்லிகிராம், சீல். பாலிசி எடுத்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

அப்படியென்றால் ஐந்து வருடம் என்று எங்கிருந்து வந்தது?

வக்கீல் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார், உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய கேஸ் ஷீட் முழுவதுக்கும் நகல் வேண்டும் என்று. நோயாளி எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதிகளில் இருக்கிறதாம். அந்த வரியையும் கடிதத்தில் சேர்த்திருந்தார். மூன்றாவது நாள் நகல் கிடைத்தது. நாற்பத்திரண்டு பக்கம்.

அன்றைக்கு இரவு அதை வீட்டில் வைத்துப் பார்த்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கையெழுத்துப் பிரதியையும் அதைப் பார்த்து அடித்த பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என் தொழில். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சிகிச்சைச் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியில் "ரத்த அழுத்த நோயாளி, 5 ஆண்டுகள்" என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது. அவசரப் பிரிவில் அன்றிரவு டியூட்டி டாக்டர் கையால் எழுதிய முதல் பக்கத்தில், அதே இடத்தில், ரத்த அழுத்தத்துக்கான சுருக்கெழுத்தும் 5 என்ற எண்ணும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்விக்குறி. சின்னதாக, கொக்கி மாதிரி, புள்ளி சரியாக விழாமல். ஆனாலும் கேள்விக்குறிதான். அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு இடத்திலும் அவர் அதே மாதிரித்தான் போட்டிருந்தார்.

அடிக்கும்போது ஒரு குறி விழுந்துபோவது எங்கள் வேலையில் தினமும் நடக்கிற விஷயம். அதற்காகத்தான் புரூஃப் பார்க்கிறோம். இங்கே அதைப் பார்க்க யாரும் இல்லை.

அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். அன்றைக்கு நான் பணம் கட்டும் இடத்தில் நின்றபோது டாக்டர் அவரிடம்தான் பேசியிருக்கிறார். "பிபி இருக்கா, எத்தனை வருசமான்னு கேட்டாரும்மா. அஞ்சாறு வருசமா தலைவலின்னு சொல்லுவான் சாமின்னு சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு, நான் சொன்னதுதான் தப்பாப் போச்சா என்று அழ ஆரம்பித்துவிட்டார். மகனுடைய உயிர் ஊசலாடும்போது ஒரு தாய் சொன்னது அது. அந்த டாக்டர் கூட அதை நம்பாமல்தான் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அந்தக் குறி இல்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பெனி எங்களைப் பொய்யர்கள் என்று எழுதியது.

சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் இதைக் காட்டினோம். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வீட்டார் உறுதியில்லாமல் சொன்ன தகவல் அது, பழைய மருத்துவச் சீட்டு எதையும் நாங்கள் பார்க்கவில்லை என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு படிப்படியாகப் போயிற்று. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே மேல்முறையீடு. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. பிப்ரவரி முதல் வாரம் முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார். அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் அலுவலகம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ அங்கே போகலாம். பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணம் ஒரு ரூபாய் கிடையாது. 50 லட்சம் வரைக்கும் உள்ள புகாரை எடுத்துக்கொள்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், எங்களை மாதிரி சின்னத் தொகைக்கு அங்கேயும் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு என்று வக்கீல் சொன்னார். நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி சேவை, இன்சூரன்ஸ் சேவை இரண்டுமே அதன் வரம்புக்குள் வருகின்றன, 1 கோடி ரூபாய் வரை. பேச்சுவார்த்தையில் முடியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம் என்பது அதில் விசேஷம். எங்கள் விஷயம் காகிதத்திலேயே தெளிவாக இருந்ததால் ஓம்புட்ஸ்மேன் போதும் என்று அவர் முடிவெடுத்தார். சரியான முடிவு.

அங்கே ஒரு விதி இருக்கிறது. விசாரணையில் வக்கீல் பேசக்கூடாது, புகார் கொடுத்தவர்தான் பேச வேண்டும். எனக்குக் கை காலெல்லாம் உதறியது. பத்தாவது வரை படித்தவள் நான். எதிரே கம்பெனியின் அதிகாரி, சட்டம் தெரிந்தவர். வக்கீல் இரண்டு சனிக்கிழமை என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எல்லாக் காகிதத்துக்கும் எண் போட வைத்தார். ஒன்று, பாலிசி, 2021 ஜனவரி. இரண்டு, சுகாதார நிலைய நோட்டு, 2022 ஜூலை. மூன்று, கேஸ் ஷீட் முதல் பக்கம். நான்கு, டிஸ்சார்ஜ் சம்மரி. ஐந்து, டாக்டர் கடிதம். "கோபம் வந்தாலும் நம்பரை மட்டும் சொல்லுங்கக்கா" என்றார்.

இதற்கு நடுவில் குழுக் கடன் பிரச்சினை. 15 நாளுக்கு ஒருமுறை 1,550 ரூபாய் கட்ட வேண்டும். நவம்பரிலிருந்தே தவணை நின்றுபோயிருந்தது. வசூலுக்கு வருகிறவர் காலை ஏழு மணிக்கு வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சு வலி வந்த மனுஷன் உள்ளே படுத்திருக்க, தெருவே கேட்கிற மாதிரிப் பேசுவார். குழுவில் உள்ள மற்ற பெண்களையும் எனக்கு எதிராகத் தூண்டிவிட்டார். அதில் இரண்டு பேரோடு இன்றும் எனக்குப் பேச்சு இல்லை. இந்த மாதிரிக் குழுக் கடனுக்கு, அதாவது மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. பேசி வைத்த ஒரு பொது இடத்தில்தான் வசூல் செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு நாம் தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வட்டக் குழுவிலிருந்து நிறுவனத்துக்கு நோட்டீஸ் போனதும் காலை வருகை நின்றது. மார்ச் மாதத் தேசிய மக்கள் நீதிமன்றத்தில், வழக்கே போடாமல், அபராத வட்டியைத் தள்ளிவிட்டு, இரண்டு மாத அவகாசம் தந்து, தவணையை 1,000 ஆகக் குறைத்து எழுதிக்கொண்டார்கள். கடனைக் கட்ட மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கட்டுகிற மாதிரி ஆக்கித் தாருங்கள் என்றுதான் கேட்டேன்.

மே மாதம் ஓம்புட்ஸ்மேன் விசாரணை. சென்னைக்குப் போகத் தேவையில்லை, வீடியோ வழியாகவே வரலாம் என்றார்கள். பிரஸ் அண்ணாச்சி தன் அறையைக் கொடுத்து, மிஷின்களை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னார். சீசன் இல்லாத மாதம்தான், ஆனாலும் ஓடுகிற மிஷினை நிறுத்துவது எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. நான் நம்பர் ஒன்றிலிருந்து ஐந்து வரை சொன்னேன். மூன்றாவது காகிதத்தைக் காமிராவுக்குப் பக்கத்தில் பிடித்து, கேள்விக்குறி இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கம்பெனி அதிகாரி டிஸ்சார்ஜ் சம்மரியையே திரும்பத் திரும்பப் படித்தார். பாலிசி தேதிக்கு முன்னால் எந்த மருத்துவராவது இவருக்கு ரத்த அழுத்தம் என்று எழுதிய சீட்டு உங்களிடம் இருக்கிறதா என்று குறைதீர்ப்பாளர் அவரைக் கேட்டார். இல்லை என்றார். பாலிசிக்குப் பிறகு வந்த நோயை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இவர்கள் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஜூனில் உத்தரவு வந்தது. அறை வாடகை வரம்பு, கையுறை, பதிவுக் கட்டணம் என்று கழித்தது போக 2,58,300 ரூபாய் கொடுக்க வேண்டும். உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும், எங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் நாங்கள் மேலே போகலாம். ஜூலை 11 காலையில் போனில் மெசேஜ் வந்தது. அன்றைக்கே மத்தியானம் கூட்டுறவு வங்கிக்குப் போய் நகையை மீட்டேன். அத்தையின் இரண்டு வளையலும் அதில் இருந்தது. அவர் கையில் போட்டுவிட்டபோது ஒன்றும் சொல்லாமல் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனதில் ஒன்று இருக்கிறது. பில்லிங் கவுண்டரில் நான் நின்ற அந்தக் காலையில், பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அந்த ரிட்டயர்டு டீச்சர் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. அட்மிஷன் போடும்போதே, பழைய நோய் பற்றிக் கேட்டால் தெரிந்ததை மட்டும் தேதியோடு சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் படித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள் என்று இன்னொரு வார்த்தை. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், கிளைம் பரிசீலனைக் குழு பார்க்காமல் ஒரு கிளைமை நிராகரிக்கக்கூடாது என்றும் 2024-இலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமும் என் கழுத்துச் சங்கிலியும் ஆயிற்று. நோயாளியின் வீட்டாருக்கு டாக்டரைப் போலவே சட்டம் தெரிந்த ஒரு ஆளும் முதல் நாளே வேண்டும். இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

அவர் இப்போது நன்றாக இருக்கிறார். பாரம் தூக்குவதில்லை, அதற்கு ஒரு பையனை வைத்திருக்கிறார். மாத்திரை நோட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்து பீரோவுக்கு மாறிவிட்டது. பாலிசி, கேஸ் ஷீட், உத்தரவு எல்லாம் அதோடு ஒரே ஃபைலில். மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் நல்ல மனிதர், 10,000-ஐ மூன்று தவணையாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

2025 ஆடிப்பெருக்குக்கு 2026 ஆல்பம் வெளியிட்டோம். அதற்கான தேதித் தாள்களை அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியிடம் ஒன்று கேட்டேன். நவம்பர் 9-ஆம் தேதித் தாளில், அந்த வரிக்குக் கீழே, இலவச சட்ட உதவி 15100 என்று சேர்த்துவிடவா என்று. தாளில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். கௌரி பஞ்சாங்கத்துக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. "போடும்மா. நம்பரை ஒருமுறை அடிச்சுப் பாத்துக்கோ" என்றார்.

அடித்தேன். சொல்லுங்க என்றார்கள்.